அப்பா மடித்த கயிறு

ஆசிரியர் பயிற்சி வகுப்பில், அரையைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு வருகிறது என்று மேடம் கேட்டார். விதியை எல்லோரும் ஒப்பித்தோம். காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. மேடம் என்னிடம் ஒரு கயிற்றை நீட்டினார். தேங்காய் நார் வாசனை.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் சுமை தூக்கிய அப்பாவின் சட்டையிலும் இதே வாசனைதான். ஐந்தாம் வகுப்பில் இதே கணக்கில் நான் திணறியபோது, அவர் ஒரு கயிற்றை நான்காக மடித்து, "பாரும்மா, பாதிக்குள்ள ரெண்டு கால் இருக்கு" என்றார். பக்கத்தில் என் தோழிகள்.

"உங்களுக்குத் தெரியாதுப்பா. தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்."

அவர்கள் சிரித்தார்கள். அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு என் நோட்டுப் பக்கம் அவர் வரவேயில்லை.

இன்று வகுப்பில் அப்படியே மடித்துக் காட்டினேன்.

"பகுத் அச்சா, ரொம்ப நல்லாயிருக்கு. யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் மேடம்.

"நானே யோசிச்சேன் மேடம்" என்றேன்.