அப்பாவுக்கு அனுப்பிய மூன்று படங்கள்

எனக்குப் பத்து வயதானபோது அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வேங்கிக்கால் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். வாரம் ஒருமுறை அவர் போன் செய்வார். அம்மா தொண்டையைச் செருமிக் குரலைத் தெளிவாக்கிக்கொண்டுதான் எடுப்பாள். அவளுக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. பயந்துடுவாரு" என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

அந்தச் சமயத்தில் பள்ளி ஓவியப் போட்டியில் எனக்கு ஒரு கோப்பை கிடைத்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. மாமா தன் புது கேமராவில் எங்கள் மொட்டைமாடியில் மூன்று படங்கள் எடுத்தார். நான் தனியாக நிற்கும் படத்தை மட்டும் அனுப்பச் சொன்னாள் அம்மா.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிரவுசிங் சென்டரில், அப்பாவுக்கு மெயில் அனுப்ப மாமா என்னை விட்டுவிட்டுப் போனார். கடைக்கார அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். "இந்த கிளிப் படத்த அமுக்கும்மா. எந்த போட்டோன்னு காட்டு, அதுவே ஏறிக்கும்."

ஏறியது. அந்த அதிசயத்தை ஒருமுறையோடு நிறுத்த மனம் வரவில்லை. மற்ற இரண்டையும் ஏற்றினேன். கடிதத்தில் கோப்பையைப் பற்றி நிறைய எழுதினேன். அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

பதில் பார்க்க அம்மாவும் வந்தாள். ஒரே வரி: 'அம்மா ஏன் இப்படி இளைச்சிட்டா?'

மூன்றாவது படத்தில், எனக்குப் பின்னால், அம்மா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"மூணையுமாடி அனுப்பின?"

"நீ சொன்னமாரி எதுவுமே எழுதலம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. எனக்கோ, அப்பா கோப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அழுகை வந்தது.

அடுத்த வாரமே வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா ஒரு கைப்பையோடு இறங்கினார். சாக்லேட்கூட இல்லை.

"என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார் அம்மாவிடம்.

"காபி போடறேன்" என்று அம்மா எழுந்தாள்.

"நீ உக்காரு." அவரே சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

அந்தக் காபியைக் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்த அம்மா அன்று பகல் முழுவதும் தூங்கினாள். மறுநாளும் அப்படியே. பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. பயந்துபோய் மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா வந்தப்புறம்தான் மாமா அம்மாக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு. அவர திரும்பிப் போகச் சொல்லுங்க."

மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா தேறினாள். ஆனாலும் வெகுநாள் அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. வீட்டில் இன்னொருவர் இருந்தால்தான் அம்மாவால் படுக்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.