சோபாவுக்குப் பொருத்தமான நீலம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது என் சொந்த அண்ணிக்கு நடந்தது. பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர். இப்போது சிரிப்பதில்லை.

புது வீட்டுக் கூடத்தில் ஒரு மாடர்ன் ஆர்ட் மாட்ட வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. அசல் வாங்கக் கட்டுப்படியாகாது. பெரிய ஓவியங்களைப் பார்த்து அக்ரிலிக்கில் அப்படியே நகல் வரைந்து தரும் கடையில் சொல்லிவைத்தார். படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நீலத்தில் நாலு பட்டை, நடுவில் கறுப்பாய் ஒரு திட்டு, அவ்வளவுதான்.

அண்ணியோ லேசில் திருப்தி அடைகிறவர் இல்லை. நீலம் சோபாவோடு ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார். மாற்றி வந்தது. அதுவும் பிடிக்கவில்லை. நேராகக் கடைக்கே போய் நின்றார். வரைகிற பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, எம் பொண்ணு ஆஸ்பத்திரியில மூச்சுவிட முடியாம கெடக்கா. ரெண்டு நாள் பொறுங்க."

"நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்கம்மா. உன் கதையெல்லாம் எனக்கு எதுக்கு?"

கடை முதலாளியும் சேர்ந்துகொண்டார். "முடிச்சிட்டுத்தான் நீ எழுந்திருக்கணும்."

மறுநாள் படம் வந்தது. நீலம் கச்சிதம்.

ஒரு வாரம் கழித்து அண்ணி தற்செயலாகப் படத்தைத் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது. அக்ரிலிக் அரைமணியில் காய்ந்துவிடுமே...

அப்புறம் சுவரில் நீலமாய் ஒரு கைத்தடம். சின்னக் கை. தன் ஆறு வயது மகள் குட்டியைப் பிடித்துத் திட்டினார். "நான் இல்லம்மா" என்று அழுதது பிள்ளை. அதன் கைகள் சுத்தமாக இருந்தன.

துடைத்தார். சோபாவில் வந்தது. பிறகு தரையில். குட்டியின் அறை வாசல் வரை...

பட்டப்பகல். கூடத்தில் அண்ணியைத் தவிர யாருமில்லை.

சரக்... சரக்... பிரஷ் தேய்க்கும் சத்தம்.

படத்தின் பின்னாலிருந்து.

"அம்மா... அந்த அக்கா வா வான்னு கூப்பிடுறா..."

அண்ணி குட்டியின் அறைக்குள் ஓடினார்.

குட்டியின் உதடு நீலம்.

மூச்சு... இல்லை.

அண்ணன் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அண்ணி படத்தைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். அது வீட்டில் இருந்தால் மகள் பிழைக்கமாட்டாள் என்று பெற்ற வயிறு அடித்துச் சொன்னது.

அந்தப் பெண் மூலையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

"நீங்க கேட்ட நீலம் வந்த அன்னைக்கே எம் பொண்ணு போயிட்டாக்கா."

முதலாளி படத்தை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? வேணாம்னா விடுங்க. எம் பையன் ரூமுல மாட்டிக்கிறேன்."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"மூச்சு வந்திருச்சு. கண்ணு முழிச்சிட்டா."

அண்ணி வாயை மூடிக்கொண்டார். படத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. முதலாளியின் மகன் தூக்கத்திலேயே போய்விட்டான். ஏழு வயது. துக்கம் விசாரிக்க அந்தப் பெண்ணும் போயிருக்கிறாள். பையனுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாளாம்:

"அழாதீங்கம்மா. எம் பொண்ணு நல்லாப் பாத்துக்குவா."