சித்தப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தி

கல்லறைத் திருநாளில் மெழுகு உருகும் வாசனை வந்தாலே எனக்குக் குகட்பள்ளி வீட்டின் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஞாபகம் வரும். கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்து வந்த அப்பாவும், பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிவிட்ட சித்தப்பாவும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாதாடுவார்கள்.

ஒருநாள் சித்தப்பா கேட்டார்: "செத்தவங்களுக்கு எதுக்குண்ணே ஜெபம்? பைபிள்ல எங்க இருக்கு?"

"மக்கபேயர் ஆகமத்துல இருக்கு."

"அது எங்க பைபிள்லயே இல்லியே."

"உங்க ஆளுங்க கிழிச்சுப் போட்டா நான் என்னடா பண்றது?"

ரசம் கொண்டுவந்த அம்மாவிடம், "நக்கோ அண்ணி, போதும்" என்று அந்த ஊர் உருதுவில் மறுத்துவிட்டுச் சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். பிறகு வரவேயில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. ஜெயித்தவர் அவரல்லவா!

இன்று சித்தப்பாவின் கல்லறையில் அப்பா மெழுகுவத்தி ஏற்றுகிறார்.

"இதெல்லாம் சித்தப்பாவுக்குப் பிடிக்காதேப்பா" என்றேன்.

"தெரியும். எந்திரிச்சு வந்து திட்டச் சொல்லு."