பொம்மைக்கு மண்டபத்தில் இடம் இருந்தது

எனக்குப் பதினேழு வயது, மகளுக்கு ஐந்து மாதம். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஓர் அரசு அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண்மணி. எங்கள் வீட்டில் எதுவும் தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்பதுபோல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா கலக்கிக் கொடுத்த மைலோவைக் கடைசிவரை தொடவில்லை.

"சின்ன வயசுல பிள்ளை பெத்துக்கிறதத் தடுக்க ஒரு புரோகிராம் செய்றோம். உன்ன மாதிரி பிள்ளைங்களுக்கு உதவியும் உண்டு. நீ ஸ்டேஜ்ல வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"பாப்பாவப் பாத்துக்க ஆள் கெடச்சா நான் திரும்ப ஸ்கூலுக்குப் போவேன் மேடம். எஸ்.பி.எம். பரீட்சை எழுதணும்," என்றேன். அம்மா தொழிற்சாலையில் பகல் வேலையில் இருந்தார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"அதெல்லாம் அன்னிக்குப் பேசிக்கலாம்லா."

அதை நம்பித்தான், லீவு போட்ட அம்மாவோடு மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறையப் பள்ளிச் சீருடையில் பெண் பிள்ளைகள். பையன் ஒருவன்கூட இல்லை. அவர்களுக்கு அன்று வேறெங்கோ ஃபுட்சால் ஆட்டமாம். என் மகளின் அப்பன் நான் விட்டுவந்த பள்ளியில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனை மேடைக்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி ஒரு பேட்டரி பொம்மையைத் தூக்கிக் காட்டினார். பொத்தானை அழுத்தியதும் அது அழுதது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கி ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பிள்ளை வளர்க்கிறது எவ்ளோ சூசா, எவ்ளோ கஷ்டம்னு இப்பத் தெரியுதா?" என்றார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்து என் மடியில் மகள் விழித்து அழுதாள். அதிகாரி மேடையிலிருந்தே கையசைத்தார். உதவியாளர் ஒருவர் அம்மாவிடம் குனிந்து, "வெளிய தூக்கிட்டுப் போங்கக்கா, டிஸ்டர்பா இருக்கு," என்றார். அம்மா பிள்ளையோடு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். உள்ளே ஒலிபெருக்கியில் பொம்மை அழுதுகொண்டிருந்தது.

நான் தப்பு செய்துவிட்டேன், என்னைப்போல் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லும்படி எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மைக் கைக்கு வந்ததும் எனக்கு அது வாயில் வரவில்லை.

"இனப்பெருக்கப் பாடம் வந்தப்ப, வீட்டுல படிச்சுக்குங்கன்னு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. புள்ள வராம எப்படிப் பாத்துக்கிறதுன்னு இன்னிக்காச்சும் இங்க யாராவது சொன்னாங்களா?"

முன்வரிசையில் ஒருத்தி இல்லையென்று தலையாட்டினாள். அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார். "தங்கச்சி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க."

பிறகு படம் எடுத்துக்கொள்ள ஒரு பெட்டி பேம்பர்ஸ் கொடுத்தார்கள். பச்சைக் குழந்தை அளவு. என் மகளுக்கு ஒரு தொடைகூட நுழையாது. பள்ளியைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "மேலிடத்துல பேசறேன்," என்றார் அதிகாரி. அதன்பின் என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

அம்மாதான் இரவு ஷிஃப்டுக்கு மாறினார். விடிந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார். அவள் தூங்கும்போது தானும் தூங்குவார். நான் பள்ளிக்குப் போனேன். பின்வரிசையில் தனி மேசை போட்டார்கள், ஏதோ என்னிடமிருந்து தொற்றிவிடும் என்று. அங்கிருந்தே படித்து எஸ்.பி.எம். தேறினேன். இப்போது ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை.

போன மாதம், பதினொரு வயது மகளைச் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். உடம்பு, மாதவிலக்கு, பிள்ளை எப்படி வருகிறது, எப்படி வராமல் பார்த்துக்கொள்வது. வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன்.

"அவ்ளோதானாம்மா?" என்றாள்.

"அவ்ளோதான்."

எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தின்ன என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.