கட்டு மாற்றும் அறை

எங்கள் தீவின் கராச்சர்மா சாலை இறக்கத்தில், மழை ஈரத்தில் பைக் சறுக்கி, சூடான சைலன்சர் என் வலது கெண்டைக்கால்மேல் படுத்துக்கொண்டது. தூக்கிவிட ஆள் வருவதற்குள் தோல் அதோடு போய்விட்டது. அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிரித்து, செத்த சதையைச் சுரண்டி, புதிதாகக் கட்டுவார்கள். பாதியிலேயே எழுந்து நொண்டி ஓடியிருக்கிறேன். சீழ் வைத்துவிட்டது.

"இப்படியே ஓடினா மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும். காலோட திரும்பி வருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

அப்போதுதான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வி.ஆர். பெட்டி வந்திருந்தது. நீச்சல் கண்ணாடிபோலக் கண்ணை அடைத்துக்கொள்ளும்; உள்ளே வேறொரு ஊர். மாட்டிவிட்ட சிஸ்டர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண், இலங்கையிலிருந்து வந்த குடும்பம்.

"இதை மாட்டினா வலி போயிருமா?"

"வலி எங்கயும் போகாது அண்ணே. நீங்கதான் போவீங்க."

போனேன். பனி. உப்பும் புழுக்கமும் அன்றி வேறு காற்று அறியாத தீவுக்காரன் நான். என்னைச் சுற்றி வெள்ளை, வெள்ளைக்குள் கறுத்த மரங்கள், பார்த்த பக்கமெல்லாம் என்னை நகர்த்திக்கொண்டு போகும் பாதை. குனிந்தேன். கால் இருக்க வேண்டிய இடத்தில் பனி இருந்தது. எங்கோ என் காலை என்னவோ செய்கிறார்கள், பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்துவதுபோல.

அப்போது ஓர் ஆள் கத்தினான். "அம்மா... அம்மா..."

பக்கத்தில் யாரையோ கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தமிழனா, தெலுங்கனா, மலையாளியா, அந்த ஒரு சொல்லில் என்ன தெரியும்? எங்கள் ஊரில் முகம் தெரியாதவரிடம் ஹிந்தியில்தான் வாய் திறப்போம். "பஸ் பாய், ஹோ கயா, ஹோ கயா", முடிந்துவிட்டது என்று தேற்றினேன். அவன் ஓயவில்லை. எரிச்சல் வந்தது. "அரே, சுப் கரோ யார்!" என்று வாயை மூடச் சொல்லி அதட்டினேன்.

சிஸ்டர் பெட்டியைக் கழற்றினாள். அறையில் ஒரே கட்டில்தான்.

"அந்த ஆள் எங்கம்மா?"

"எந்த ஆள்? யாரும் வரல்லியே. நீங்கதான் கத்துனீங்க, பெறகு நீங்களே ஹிந்தியில ஏசுனீங்க. சிரிப்ப அடக்கிக்கிட்டு வேலை பார்த்தேன் அண்ணே."

தொண்டை ரணமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே பெஞ்சில் என் மனைவி. என் இருமலை வைத்தே நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறவள்.

"யாருங்க அது, பாவம், அப்படிக் கதறினாரு? நீங்க வேற அவரை அதட்டுறீங்க. மனுஷன்தானா நீங்க?"

அவள் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த முறை பெட்டியே வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சிஸ்டர் என் கட்டின்மேல் விரல் வைத்ததும் நானே கைநீட்டி வாங்கி மாட்டிக்கொண்டேன். கால் வேண்டுமே. பனிக்குள் போன கொஞ்ச நேரத்தில் அவன் ஆரம்பித்தான். தேற்றவில்லை, அதட்டவில்லை. திரும்பினால் அங்கே படுத்துக் கிடப்பவனின் முகம் தெரிந்துவிடுமோ என்று பயம். முன்னால் பார்த்தே போனேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உள்ளே. மரங்கள் முடிகிற இடத்தில் நின்றால் அவன் குரல் கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். அங்கே நின்றேன். நன்றாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புண்ணின் ஓரங்களில் இளஞ்சிவப்பாய்த் தோல் ஏறியது. மெயின்லேண்ட் பேச்சை டாக்டர் விட்டுவிட்டார். கடைசிக் கட்டைப் பிரித்தெடுத்து, "இனி நீங்க வர வேணாம் அண்ணே" என்றாள் சிஸ்டர்.

"போலாமா?" மனைவி கதவருகில் நின்றாள்.

கட்டிலில் விரிப்பு ஓர் ஆள் நீளத்துக்குக் கசங்கியிருந்தது. இத்தனை நாள் எனக்குப் பதிலாகக் கத்தியவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? என்ன சொல்வது?

மனைவி ஃபேனை நிறுத்தினாள். நான் நொண்டாமல் வெளியே நடந்தேன்.