குஸ்கா சைவம் இல்லை

1. கல்லாவில் சரிந்த நாள்

காஜா மச்சான் கல்லாவில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் அப்போதுதான் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து தம் உடைத்திருந்தேன். கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அவர் என் அக்காவின் கணவர். திண்டுக்கல்லில் நான் மாஸ்டராக இருக்கும் பிரியாணிக் கடையின் முதலாளி. அடுப்படிக்கு வந்த நாள் முதல் அவரைத் தவிர இன்னொரு முதலாளியிடம் நான் வேலை பார்த்ததில்லை.

அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். டாக்டர் கறியை நிறுத்தச் சொன்னார். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு டயட்டீஷியன் பெண் இருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்க, கறியை உட்டுட்டா மட்டும் பத்தாதுங்க. அந்த எடத்துக்குப் பருப்பு, பயறு, கொண்டக்கடலை வரோணும். சோத்தைக் கொறைச்சுட்டு காயும் கீரையும் நெறையா சாப்பிடோணும். தயிர் ஒரு கப்பு வெச்சுக்கோங்க. எண்ணெயும் உப்பும் கம்மி பண்ணுங்க. சத்து கொறையாம இருக்க டாக்டர் மாத்திரை எழுதுவாருங்க.”

மச்சான் பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விஷயம் கடைத்தெருவில் பரவியது. அய்யலூர் சந்தையிலிருந்து எங்களுக்குக் கிடாய் பிடித்துத் தரும் வியாபாரி வந்து, “என்ன பாய், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கீகளாம்ல?” என்றார். மச்சானும் விழுந்து விழுந்து சிரித்தார். “கெடா கடைக்கு வேணும்ப்பா. என் வயித்துக்குத்தான் வேணாம்.”

2. எல்லாம் இருக்கு

மச்சானிடம் ஒரு தொழில் வழக்கம் உண்டு. மதியம் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் வாசலை ஒட்டிய மேஜையில் இலை போட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து எங்கள் பிரியாணியையே சாப்பிடுவார். “முதலாளி திங்கிற கடையிலதான்லே ஊரு திங்கும்” என்பார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்தே பஸ் பிடிக்கப் போனவர்கள் உள்ளே திரும்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அதே மேஜையில் அதே நேரத்துக்கு உட்கார்ந்தார்.

“மாப்ளே, குஸ்கா போடு. தால்சா ஊத்து. பச்சடி வையி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மச்சான், ஒங்களைச் சைவம்ல திங்கச் சொல்லியிருக்காக?”

“இது சைவந்தானடா? இதுல பீஸ் எங்க இருக்கு? அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு? பருப்பு. தால்சாவுல பருப்பு இருக்கு. காயி. கத்திரிக்கா கெடக்கு. தயிரு. பச்சடியில இருக்கு. எல்லாம் இருக்குல்ல?”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குஸ்கா என்பது தனியாக ஆக்கும் சோறு இல்லை. கறியோடு அதே அண்டாவில், கறி வெந்த சாற்றிலேயே வெந்த அரிசி. கறித்துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தட்டில் போடுகிறோம். தால்சாவுக்கு ருசியே அதில் கிடக்கும் எலும்புதான். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவரிடமே நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

“சாறு பூரா சோத்துல எறங்கியிருக்கு மச்சான். தால்சாவுல எலும்பு கெடக்கு.”

“எலும்பை ஒதுக்கிட்டுத் திங்கத் தெரியாதா எனக்கு? போடுலே.”

போட்டேன். முதலாளி கேட்டால் மாஸ்டர் போடாமல் என்ன செய்வான்? ஊரில் எல்லாரிடமும் தான் சைவத்துக்கு மாறிவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

3. அக்காவின் கேரியர்

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் மதியம் கேரியர் வந்தது. கைக்குத்தல் அரிசிச் சோறு, தட்டைப்பயறு குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், தயிர், கொஞ்சம் அவித்த நிலக்கடலை. அந்தப் பெண் சொன்னதை அக்கா அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள்.

மச்சான் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “ஓனரே வீட்டுச் சோத்தைத் தின்னா வந்தவன் என்னலே நெனப்பான்? இந்தக் கடைக் கறி சரியில்ல போலன்னு எந்திரிச்சுப் போயிர மாட்டானா?”

“உள்ளுக்க வந்து தின்னுங்க மச்சான். செத்த நேரம் நான் கல்லாவைப் பாத்துக்கிறேன்.”

“ஒளிஞ்சு திங்க நான் என்ன களவாணியா?”

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் அழவுமில்லை. “நீ தின்னுப்புடு தம்பி, வீணாக்காத. நாளைக்கும் அனுப்புறேன். என்னைக்காச்சும் ஒரு நா கை வைக்காமயா போயிருவாரு?”

அப்படித்தான் நான் சைவத்துக்கு மாறினேன். வேண்டுதலும் இல்லை, வைராக்கியமும் இல்லை. அக்காவின் சோறு வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அடுப்படியில் ஒரு மூலையில் உட்கார்ந்து தினமும் மச்சானின் கேரியரைக் காலி செய்தேன். முன்பு மதியத்துக்கு மேல் கண் சொக்கும், அது நின்றது. எனக்கிருந்த சர்க்கரையும் இறங்கியது. “என்ன பாய் பண்றீங்க?” என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். “எங்க மச்சான் சாப்பாட்டைத் திங்கிறேன்” என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார்.

வெளியே மச்சான் குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நான் அவர் ஆயுசைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

4. ஒரு வாய்

இரண்டாவது தடவை நெஞ்சுவலி வந்தது முதல் தடவை மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்தார், ஆனால் கட்டிலோடு முடங்கிவிட்டார். இனி கடையும் இல்லை, வாசல் மேஜையும் இல்லை, பார்க்க யாரும் இல்லை. அக்கா அதே தட்டைப்பயறையும் கீரையையும் தட்டில் பிசைந்து கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாய் வாங்கினார். மென்றார். இன்னொரு வாய் வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏலே மாப்ளே, இதையா நீ தெனமும் உள்ளுக்க ஒக்காந்து தின்ன?”

“ஆமா மச்சான். நான் அப்பவே சொன்னேன்ல?”

“சொன்னடா. நீ சொல்லத்தான் சொன்ன. ஒரு வாயி ஊட்டியிருக்கலாம்லலே?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ருசி காட்டித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும், பேசி இல்லை என்று தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது, “கறி ஆகாதுண்ணே, குஸ்கா குடுங்க” என்றால், “குஸ்கா சைவம் இல்லைங்க” என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு வியாபாரம் போனால் போகட்டும்.

அக்கா இன்னும் கேரியர் அனுப்புகிறாள். இப்போது நான் அடுப்படி மூலையில் உட்காருவதில்லை. மச்சானின் வாசல் மேஜையில், எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பிரியாணி சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்து, “என்ன பாய் அது?” என்று கேட்பார்கள். ஒரு கரண்டி அள்ளி அவர்கள் இலையில் வைக்கிறேன்.