அகதி நாற்காலி

மூணாறு எஸ்டேட்டில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வக்கீலான புஷ்பமேரி, அகதிகளுக்காக இலவசமாக வாதாட வரும் வக்கீல்களுக்குக் கஞ்சிக்கோட்டில் பயிற்சி தருகிறாள். அகதியாக அவளே நடிப்பாள். அவர்கள் விசாரிக்க வேண்டும். "பேனாவைக் கீழ வச்சுட்டுக் காத்திருங்க" என்பதுதான் முதல் பாடம்.

அவளிடம் வாயே திறக்காத ஒரு பர்மாக்காரி, போன வாரம் சிஞ்சுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சிஞ்சுவிடம்!

இன்று விசாரிப்பது சிஞ்சுவின் முறை. இவள் சாமர்த்தியத்தைப் பார்த்துவிடலாம் என்று, அகதி நாற்காலியில் புஷ்பமேரி உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சிஞ்சு பேனாவைக் கீழே வைத்தாள். முகத்தில் துளி அவசரமில்லை.

"உன்னப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுடி!" கடைசியில் புஷ்பமேரிதான் வெடித்தாள்.

நடிப்பென்று நினைத்து வகுப்பே கைதட்டியது. சிஞ்சு மட்டும் தட்டவில்லை, இன்னும் காத்திருந்தாள்.